அருணாவின் வயது

அருணாவின் வயது இருபத்தாறு. அதை இருபத்தைந்து என்று மாற்றிவிட்டு வா என்று சொல்லித்தான் அர்த்தனாரி சார் என்னைக் கொல்லிமலைக்கு அனுப்பினார். மாற்றியதும் கம்ப்யூட்டரில் பட்டியல் முழுசாக வந்துவிட்டால், மலை கிளினிக் ஊழியரின் கவனக்குறைவால் ஃபைல் கெட்டுப்போனது என்று அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதுகிற சிரமத்தைக்கூட அவர் எனக்கு வைக்கவில்லை. தானே டைப் செய்து, அடியில் 'அர்ஃபா, புரோகிராமர்' என்று அடித்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

காரவள்ளி தாண்டி பஸ் வளைவுகளில் ஏற ஏற எனக்குக் கோபமும் ஏறியது. அப்போது அந்தக் கோபம் அருணா மேல்தான். அவளை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் என் பைக்குள், சாரின் கவருக்குப் பக்கத்தில், அவள் எழுதிய ஒரு இன்லண்டு லெட்டர் இருந்தது. அது என்னிடம் இருப்பது அர்த்தனாரி சாருக்குத் தெரியாது. நாம் ஒருவருக்குச் செய்த தப்பு நம் பைக்குள்ளேயே இருந்தால் அவர் மேல் கோபப்படுவது சுலபமாகத்தான் இருக்கிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ராசிபுரத்தில் அர்த்தனாரி சார் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் எனக்கு வேலை. படித்து முடித்ததும் கிடைத்த முதல் வேலை. மலையில் கிளினிக் நடத்தும் ஓர் அறக்கட்டளை, ஊர் ஊராக முகாம் போட்டு மலைக்காரர்களின் ரத்த வகையைச் சோதித்து வைத்திருந்தது. மலையில் ரத்த வங்கி கிடையாது. ஆபத்து வந்தால் நோயாளியை ஜீப்பில் கீழே கொண்டுபோகும்போது, அதே ரத்த வகை உள்ள ஓர் ஆளையும் கூடவே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். யாரை ஏற்றுவது என்று பார்க்க ஒரு பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலைக் காட்டும் புரோகிராமை 1998இல் நான் எழுதினேன். பெயர், ஊர், ரத்த வகை, வயது, எல்லாம் ஊர்வாரியாக. ராசிபுரத்தில் ஃபைலைத் தயாரித்து ஃபிளாப்பியில் மேலே அனுப்புவோம். மேலே போட்டுப் பார்த்து அச்செடுத்துக்கொண்டு, பழைய அச்சைக் கிழித்துப்போட்டுவிடுவார்கள்.

1999 ஆகஸ்டில், மலையில் குண்டூர் நாடு என்கிற பகுதியில், அம்சவேணி என்ற பெண்ணுக்குப் பிரசவமாகி ரத்தம் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன அருணா பட்டியலை இரண்டு முறை விரல் வைத்துப் பார்த்தாள். மூன்று பக்கம், அறுபத்தொரு பெயர், ஓ நெகட்டிவ் ஒன்றுகூட இல்லை. ஆள் இல்லாமலே ஜீப் கிளம்பியது. கீழே ஆஸ்பத்திரியிலும் அந்த வகை இல்லை. சேலத்திலிருந்து வருவதற்குள் அம்சவேணி இறந்துவிட்டாள். குழந்தை பிழைத்துக்கொண்டது.

எங்கள் ஃபைலில் இருந்தது நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

அறக்கட்டளையிலிருந்து கேட்டதும் அர்த்தனாரி சார் ஃபைலை எங்கள் லினக்ஸ் மெஷினில் போட்டுப் பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டும் வந்தது. மலையில் அச்செடுத்த பட்டியல் எங்கே நின்றிருக்கிறது என்று பார்த்தார். அறுபத்திரண்டாவது பெயருக்கு முன்னால். அறுபத்திரண்டாவது ஆள் அருணாவேதான்.

"பாரும்மா, மத்தவங்க வயசு எல்லாம் இருவது, இருவத்தஞ்சு, முப்பது, முப்பத்தஞ்சு. இவ ஒருத்தி மட்டும் இருவத்தாறு. ஏதோ நோண்டியிருக்கா. நீ போய் அதை மாத்திப் பாரு. ஓடுச்சுன்னா விவகாரம் முடிஞ்சுது."

"வயசு இருபத்தாறுன்னா லிஸ்ட் எப்படீங்க சார் நிக்கும்?"

"அதைத் தெரிஞ்சு என்ன பண்ணப் போறே? ரெண்டு மணிக்கு அறக்கட்டளைச் செயலாளர் அங்க விசாரணைக்கு வர்றார். அதுக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு."

அவர் கணக்கு சுலபமானது. கடிதம் போனால் அருணாவின் வேலை போகும். வேலை மட்டுமா போகும்? ஒருத்தியைச் சாகக் கொடுத்தவள் என்று அவள் பிறந்த மலையிலேயே அவளுக்குப் பெயர் நிற்கும். எங்கள் சென்டர் பிழைத்துக்கொள்ளும்.

கிளினிக் என்றால் ஓடு போட்ட இரண்டு அறை. அருணா வாசலிலேயே நின்றிருந்தாள். ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"வாங்க. கம்ப்யூட்டர் ஆபீசுங்களா?"

"ஆமாங்க. மெஷின் எங்கே?"

உள்ளே கூட்டிப்போனாள். பிளாஸ்டிக் உறை, அதன் மேல் ஒரு துண்டு, அதை எடுத்தால் தூசியே இல்லாத ஒரு கம்ப்யூட்டர். ஃபிளாப்பியை வெயிலில் போட்டிருப்பாள் என்று பஸ்ஸில் நான் நினைத்தவள் அதைக் குழந்தையைப் போல வைத்திருந்தாள். சுவிட்சைப் போட்டாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஒன்று வந்து சிமிட்டிக்கொண்டு நின்றது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"விண்டோஸ் வரலீங்களே," என்றேன்.

"அப்படீன்னா என்னங்க?"

அது டாஸ் மெஷின், விண்டோஸுக்கு முந்தைய காலத்தது. ஏழெட்டு வருடப் பழசு. அறக்கட்டளை இந்தக் கிளினிக்குக்கென்று போன வருடம் வாங்கியது புத்தம்புது விண்டோஸ் மெஷின். அதைப் பெட்டி பிரித்துப் பார்த்தவளே நான்தான். அது எங்கே என்று அருணாவைக் கேட்டேன். மேலே கரண்ட் நிற்காது, இதெல்லாம் அங்கே எதற்கு என்று சொல்லி அதைச் செயலாளர் தன் அறையில் வைத்துக்கொண்டாராம். எங்கள் சென்டரில் மூலையில் கிடந்த பழசைத் துடைத்து, என் புரோகிராமையும் அதற்கென்று மாற்றிப் போட்டு, அர்த்தனாரி சார் மேலே ஏற்றிவிட்டிருக்கிறார். மலைக்குப் போகிறது எதுவானாலும் பழசே போதும் என்று கீழே இருக்கிறவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த நிமிடமே அந்தக் கோபம் திரும்பி என் மேல் வந்து விழுந்தது. அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தவுடன் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நான் எழுதிய ஐந்து வரி கண்ணுக்கு முன்னால் நின்றது.

#ifdef _WIN32
  f = fopen(name, "rb");
#else
  f = fopen(name, "r");
#endif

ஒரே புரோகிராமைப் பலவகை மெஷின்களுக்கு எழுதுகிறவர்கள் செய்கிற வேலை இது. புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றித் தருவது கம்பைலர். எந்த வகை மெஷினுக்கு மாற்றுகிறதோ, அதற்குரிய அடையாளப் பெயர் ஒன்றை அது முன்கூட்டியே வைத்திருக்கும். விண்டோஸ் கம்பைலரிடம் விண்டோஸின் பெயர் இருக்கும், டாஸ் கம்பைலரிடம் டாஸின் பெயர் இருக்கும். முதல் வரி அந்தப் பெயர் இருக்கிறதா என்று கேட்கிறது. விண்டோஸ் என்றால் ஃபைலை ஒரு மாதிரி திற. 'எல்ஸ்', அதாவது இல்லையென்றால், வேறு மாதிரி திற. எழுதும்போது என் மனதில் உலகத்தில் இரண்டே வகை மெஷின்கள்தான் இருந்தன. விண்டோஸ் இல்லையென்றால் லினக்ஸ். டாஸ் என்று ஒன்று இன்னும் எங்கேயோ மலைமேல் துண்டு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. நீ யார் என்று நான் அதைக் கேட்கவும் இல்லை. விண்டோஸா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்று உண்மையைச் சொன்னது. அப்படியானால் நீ லினக்ஸ் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

முள்ளுக்குறிச்சியில் என் அத்தா மிளகும் தினையும் வாங்கி விற்கிறவர். மலையிலிருந்து இறங்கும் மூட்டையை அவிழ்த்து, கைவிட்டு அள்ளிப் பார்க்காமல் ஒருநாளும் பெயர் எழுத மாட்டார். இது மிளகு இல்லை, அதனால் தினைதான் என்று எழுதுகிற வியாபாரி எந்த ஊரிலாவது உண்டா? காலேஜில் படித்த நான் அதைத்தான் எழுதியிருந்தேன்.

டாஸில் ஃபைலை அந்த இரண்டாவது மாதிரி திறந்தால் அதற்கு ஒரு பழக்கம் உண்டு. படித்துக்கொண்டே போகும்போது இருபத்தாறு என்ற எண் தட்டுப்பட்டால், ஃபைல் இங்கே முடிந்தது என்று எடுத்துக்கொண்டு நின்றுவிடும். அந்தக் காலத்து ஏற்பாடு அது. லினக்ஸுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. விண்டோஸுக்கு உண்டு என்பதால்தான் அதற்கு மட்டும் தனி வரி எழுதினேன். வயதை நான் இரண்டு, ஆறு என்று தனித்தனி எழுத்தாக இல்லாமல் ஒரே எண்ணாகத்தான் ஃபைலில் வைத்திருந்தேன்.

இத்தனை மாதம் ஏன் நிற்கவில்லை என்றால், மலையில் வயதைக் கேட்டால் யாரும் இருபத்தாறு என்று சொல்ல மாட்டார்கள். முகாம் விண்ணப்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு முப்பது இருக்குங்க என்பார்கள். அதற்கும் மேல் கேட்டால் பெரிய மழை பெய்த வருடத்தைச் சொல்வார்கள். எழுதுகிறவர் இருபத்தைந்து, முப்பது, நாற்பது என்று போட்டுக்கொண்டு போவார். பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டைப் பார்த்துப் பிறந்த தேதியைக் கணக்குப் போட்டுத் தன் வயதைச் சரியாகச் சொன்ன முதல் ஆள் அருணாதான். அவள் உண்மையைச் சொன்னாள், அதிலேயே பட்டியல் நின்றுவிட்டது.

சோதித்துப் பார்த்தேன். டாஸிலேயே இருக்கும் ஒரு சின்னக் கருவியால் ஃபைலைத் திறந்து, அருணாவின் இருபத்தாறை இருபத்தைந்தாக்கினேன். பட்டியல் ஓடியது. நானூற்றுப் பன்னிரண்டு. மறுபடி இருபத்தாறு. அறுபத்தொன்று.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அருணா மெதுவாகக் கேட்டாள். "என் வயசுங்களா தப்பு?"

"உங்க வயசு சரிதானுங்க."

"அப்ப நான்தான் எதையோ தொட்டுட்டன்னு எல்லாரும் சொல்றாங்களே."

நான் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அது இன்னும் கேவலமானது. லினக்ஸில் அந்த முதல் மாதிரியே திறந்திருந்தாலும் ஒரு கெடுதலும் வந்திருக்காது. டாஸிலும் சரியாக ஓடியிருக்கும். எல்லா மெஷினுக்கும் அந்த ஒரே வரி போதும். எனக்கு அது அன்றைக்குத் தெரியாது. முதல் வேலை, மெஷின் வகை பார்த்து எழுதத் தெரியும் என்று அர்த்தனாரி சாருக்குக் காட்ட வேண்டும், அதற்காக ஒரு வரியை ஐந்து வரி ஆக்கினேன். எழுதி முடித்துவிட்டு அழகாக இருக்கிறது என்று பெருமைப்பட்டதுகூட ஞாபகம் இருக்கிறது. தூ.

அன்றைக்குப் பிறகு நான் எழுதிய எந்தப் புரோகிராமிலும் 'எல்ஸ்' என்பதற்குக் கீழே ஊகம் கிடையாது. தெரிந்த வகைகளைப் பெயர் சொல்லிக் கேட்பேன். எதுவும் இல்லையென்றால் #error என்று ஒரு வரி. இது எந்த மெஷின் என்று எனக்குத் தெரியாது என்று சொல்லிக் கம்பைலர் அங்கேயே நின்றுவிடும். அன்றைக்கு அந்த ஒரு வரி இருந்திருந்தால், டாஸுக்கு மாற்றும்போதே அர்த்தனாரி சார் என்னைக் கூப்பிட்டிருப்பார். என் வரிகள் ஒரு சத்தமும் போடாமல் மாறிக்கொடுத்தன.

"முழு லிஸ்ட் இப்ப வேணும்னா ஒரே வழிதாங்க இருக்கு," என்றேன். "உங்க வயச இருபத்தஞ்சாக்கித்தான் அச்செடுக்கணும். புரோகிராமத் திருத்திக் கொண்டுவர ரெண்டு நாளாகும்."

அருணா அச்சு மெஷினில் பேப்பரைச் செருகினாள். "எடுங்க. ரெண்டு நாள்ல இன்னொருத்திக்கு வலி வந்தா? பேப்பர்ல மட்டும் என் வயசப் பேனாவுல திருத்திக் குடுத்துருங்க."

அச்செடுத்தோம். பதினான்கு பக்கம். அறுபத்திரண்டாவது வரியில் இருபத்தைந்தை அடித்து இருபத்தாறு என்று எழுதினேன். ஃபைலிலும் இருபத்தாறையே திரும்பப் போட்டேன். அருணா அதைப் பார்க்கவில்லை. அவள் விரல் கீழே போய்க்கொண்டிருந்தது. அறுபத்தேழில் நின்றது.

"செல்லமுத்து," என்றாள். "இவிங்க அம்சவேணி ஊட்டுக்குப் பக்கத்து ஊடுங்க."

செல்லமுத்து, குண்டூர் நாடு, வயது நாற்பது, ஓ நெகட்டிவ்.

"அவருக்குத் தன்னோட வகை தெரியாதுங்களா?"

"யாருக்குத் தெரியும்? ரத்தம் எடுத்தப்ப ஒரு சீட்டுக்கூடக் குடுக்கலீங்க. எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கும்னாங்க."

இரண்டு மணிக்குச் செயலாளர் ஜீப்பில் வந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையவில்லை. அம்சவேணியின் புருஷன் சின்னராசு வந்து சுவரோரம் நின்றான். சவரம் செய்யாத முகம். அவனோடு நாலைந்து பேர் வந்தார்கள். அதில் தலைப்பாகை கட்டிய ஒருவர் என்னைப் பார்த்து, "கரீம் பாய் பொண்ணுதானே கண்ணு? அப்பன் சௌக்கியமா?" என்று கேட்டார். சௌக்கியம் என்றேன். உங்கள் பெயர் என்ன என்று கேட்டேன். செல்லமுத்து என்றார். நான் குனிந்துகொண்டேன்.

செயலாளர் நேராக விஷயத்துக்கு வந்தார். "அர்த்தனாரி எல்லாம் போன்ல சொன்னார். ரிப்போர்ட்டக் குடும்மா. இந்தப் பொண்ணு மெஷின் பழகாதது, அவ்வளவுதான். யாரையும் குத்தம் சொல்ல வேண்டாம், வேற ஆள் போட்டுக்கலாம்."

யாரையும் குற்றம் சொல்லாமல் அருணாவை மட்டும் அனுப்பிவிடுவார்களாம். பைக்குள் கையை விட்டேன். கவரும் தட்டுப்பட்டது, இன்லண்டும் தட்டுப்பட்டது. இன்லண்டை எடுத்தேன்.

"இது ஜூன் மாசம் அருணா எங்க ஆபீசுக்கு எழுதுனதுங்க. நான் படிக்கிறேன்."

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

நான் அவரைக் கேட்கவில்லை. படித்தேன். "கம்ப்யூட்டர் ஆபீசுக்கு வணக்கம். புதிதாக வந்த ஃபிளாப்பியில் என் பெயர் வரவில்லை. எனக்கு முன்னால் உள்ளவர்கள் வருகிறார்கள். எனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. தயவுசெய்து பார்த்துச் சொல்லவும். இப்படிக்கு, அருணா, வயது 26."

லெட்டரை மடித்தேன்.

"இந்த லெட்டர் எனக்குத்தான் வந்துச்சுங்க. தன் பேர அச்சுல பார்க்கற ஆசையில எழுதியிருக்கான்னு நெனச்சுச் சிரிச்சேன். டிராயர்ல போட்டுட்டேன். ரெண்டு மாசம் அங்கயே கெடந்துச்சு. பட்டியல் நின்னது நான் எழுதுன வரியால. இந்த மெஷின் வேற வகைன்னு நான் கேக்காததால. இந்தக் கிளினிக்குக்கு வாங்குன புது மெஷின் இங்க இருந்திருந்தா நின்னிருக்காது. அது இப்ப செயலாளர் ரூம்ல இருக்குங்க. அருணா ஒண்ணும் பண்ணலீங்க. இந்த மலையிலயும் சரி, கீழயும் சரி, ஒழுங்கா வேல பார்த்தது அவங்க ஒருத்தர்தான்."

செயலாளர் எழுந்துவிட்டார். "இதெல்லாம் டெக்னிக்கல் விஷயம்மா. இவங்க முன்னால பேச வேண்டியதில்ல. கீழ போய் அர்த்தனாரிய வெச்சுப் பேசிக்கலாம்."

"இவங்க முன்னாலதாங்க பேசணும்," என்றேன். சாரின் கவரைக் கிழித்து, உள்ளே இருந்த கடிதத்தைப் பின்பக்கம் திருப்பி, சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதையும் இன்லண்டையும் அருணாவின் கையில் கொடுத்தேன். என் வேலை அந்த நிமிடமே போய்விட்டது என்று தெரியும். போகட்டும்.

அருணா என்னைப் பார்த்த பார்வையில் நன்றி ஒன்றும் இல்லை. இரண்டு மாதம் என்று மட்டும் சொன்னாள். ரெண்டு மாசம் வெச்சிருந்தீங்களா என்று அவள் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சின்னராசு சுவரை விட்டு நகர்ந்து வந்தான். மேசை மேல் இருந்த பதினான்கு பக்கத்தையும் பார்த்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது.

"இதுல அந்த ரத்தம் இருக்கற ஆளு இருந்தாங்களா?" என்று கேட்டான்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். அருணா கண்ணாலேயே வேண்டாம் என்றாள். ஆனால் கேட்காமலும் சொல்லாமலும் விட்டதில்தான் இவ்வளவும் நடந்தது. நாளைக்கு இன்னொரு ஜீப் கிளம்பும், தன் வகை என்னவென்று தலைப்பாகைக்காரருக்குத் தெரிய வேண்டும்.

"இருந்தாங்க. அறுபத்தேழாவது பேரு. செல்லமுத்து."

தலைப்பாகைக்காரர் சுற்றும் பார்த்தார். வேறு யாரோ செல்லமுத்து இருக்கிறாரா என்று பார்த்ததுபோல் இருந்தது. பிறகு தன் இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

"அம்சவேணியக் கட்டல்ல வெச்சு நான்தானுங்க தூக்கியாந்தேன்," என்றார். "ஜீப்புல ஒரு ஆளு ஒக்கார எடம் இருந்துச்சு. நான் ஏறட்டுமான்னு கேட்டேன். வேணாம், எடஞ்சலா இருக்கும்னுட்டாங்க. நானே கதவச் சாத்தி உட்டேன்."